வேலிக் கட்டை நாட்டும் முறை

நெற்பயிர் இளமையில் மேயப்பட்டால் ஓரளவுக்குத் தேறிவிடும். அப்பருவத்தில் அதன் வளர்முனை நிலமட்டத்திலேயே இருத்தலால், இலை போனாலும் குருத்துப் புறப்படும். குடலைப் பருவத்திலோ நிலைமை வேறு. கதிர் தண்டினுள்ளே மேலேறி நிற்கும் அக்காலத்தில் நாலைந்து கட்டாக்காலி மாடுகள் ஓரிரவு வயலிற் புகுந்துவிட்டால், அவை கடித்த தண்டில் அப்போகத்துக்குக் கதிர் இல்லை. விதைநெல், உழவுகூலி, பசளை, விதைத்த நாள் முதற் பட்ட பாடு ஆகிய யாவும் வேலியிலுள்ள ஒரு பொட்டு வழியாகப் போய்விடும். மிளகாய், கத்தரி, வெண்டிப் பாத்திகளின் கதியும் இதுவே. ஓர் ஆடு அரைமணி நேரத்தில் ஒரு பாத்தியை மொட்டையாக்கிவிடும்.

வேலி பழுதானவிடத்து மக்கள் பெரும்பாலும் கம்பியையே குறை கூறுவர். ஆயினும் விழுந்த வேலியைச் சென்று பார்த்தால், கம்பி இன்னும் சில ஆண்டுகளுக்குப் பயன்படத்தக்க நிலையில் இருப்பதும், கட்டைகள் நிலமட்டத்தில் உளுத்து முறிந்திருப்பதும், மூலைக்கட்டை உட்புறமாகச் சாய்ந்து கம்பி முழுவதும் தளர்ந்திருப்பதும் காணப்படும். ஆதலின், வேலியின் ஆயுள் என்பது உண்மையிற் கட்டையின் ஆயுளே. அக்கட்டையைத் தெரிவு செய்தல், பதப்படுத்தல், நாட்டுதல் ஆகியவற்றில் ஒருமுறை செலுத்தும் கவனம் பல போகங்களுக்குப் பயன்தரும்.

கொழும்பு நகரின் இரு தமிழ்ப் பகுதிகளின் பெயர்களிற் பழைய வேளாண்மையின் சுவடு இன்றும் உண்டு. வெள்ளவத்தை என்பது மணற்றோட்டம் எனப் பொருள்படும் சிங்களப் பெயரினின்று வந்தது என்பர். கொட்டாஞ்சேனையின் பிற்பகுதியான சேனை என்பது காடு வெட்டிச் சுட்டு, சுற்றிலும் வேலியடைத்துப் பயிரிடும் நிலத்துக்கு வழங்கும் பெயர். இன்று அவ்விடங்களில் மதிலும் மாடிவீடும் நிறைந்துள்ளன. ஆயினும் அங்கு வதிவோரிற் பலர் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வயலோ தோட்டக்காணியோ உடையவர்கள். கொழும்பைச் சூழ்ந்த தாழ்நிலங்களிலும் பொன்னாங்காணி, கங்குன் முதலிய கீரைவகைகள் விற்பனைக்காகப் பயிரிடப்பட்டு வருகின்றன. வீட்டுத் தோட்டத்துக்கும் ஊரிலுள்ள காணிக்கும் வேலியடைக்கும் முறை அடிப்படையில் ஒன்றேயாயினும், மண்ணுக்கும் மழைக்கும் ஏற்ப அது வேறுபடுதல் வேண்டும்.

எத்தனை கட்டைகள் வேண்டும்

கட்டை வாங்குமுன் காணியின் சுற்றளவைக் கயிற்றால் அளந்துகொள்ளுதல் நன்று. பரப்பளவைக்கொண்டு மதிப்பிடுவது ஏமாற்றத்தில் முடியும். சதுரமான ஓர் ஏக்கரின் சுற்றளவு ஏறக்குறைய 835 அடி. எட்டு அடிக்கு ஒன்றாக நாட்டினால் 105 கட்டைகள் போதும். அதே ஓர் ஏக்கர் 66 அடி அகலமும் 660 அடி நீளமுமாக ஒடுங்கிக் கிடந்தால் சுற்றளவு 1,452 அடியாகும். 182 கட்டைகள் வேண்டும். முதுசக் காணியை நீளவாக்கிற் கூறிட்டுப் பிரிக்கும் வழக்கம் வேலிச்செலவை எவ்வளவு ஏற்றிவிடுகின்றது என்பது இக்கணக்கால் விளங்கும்.

வயல்களைப் பொறுத்தவரை, தனித்தனி வேலி என்பது பெரும்பாலும் வீண்செலவே. சதுரமான நாற்பது ஏக்கர் வயற்றுண்டு ஒன்றின் சுற்றளவு சரியாக ஒரு மைல், அதாவது 5,280 அடி. அதற்கு 660 கட்டைகள் போதும். ஏக்கருக்குப் பதினேழு கட்டைகூட வராது. நாற்பது பேரும் தத்தம் ஏக்கரைத் தனியே அடைத்தால் 4,200 கட்டைகள் வேண்டும். அயல்வயலோடு நடுவேலியைப் பொதுவாக வைத்துக்கொண்டாலும் இதிற் பாதிக்குமேல் தேவைப்படும். இதனை முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். கிழக்கு மாகாணத்தில் வட்டை விதானையின் மேற்பார்வையில் வட்டை முழுவதற்கும் புறவேலி அடைத்ததும், அவரவர் நிலத்தின் அளவுக்கேற்ப வேலிப்பங்கு பிரித்துக் கொடுத்ததும் அக்கணக்கின் பயனே. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்தியது. இன்று 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் நடைமுறையில் உள்ளது. போகத் தொடக்கத்தில் நடைபெறும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் நீர் திறக்கும் நாளும் விதைக்கும் நாளும் மட்டுமன்றி, வேலியடைத்து முடிக்கும் நாளும் மாடுகளை அகற்றும் நாளும் தீர்மானிக்கப்படுவது வழக்கம். கூட்டத்துக்குச் செல்லாத கமக்காரருக்குப் பின்னர் முறையிட வாயில்லை. ஒருவருடைய பங்கில் நாலு கட்டை விழுந்து கிடந்தால், மற்ற முப்பத்தொன்பது பேரும் அடைத்த வேலி வேலியன்று.

எந்த மரம் நல்லது

நிலத்துள் நிற்கும் மரத்தின் உறுதி அதன் வைரத்தைப் பொறுத்தது. மரத்தை வெட்டிப் பார்த்தால் நடுவே நிறம் கறுத்த வைரமும் சுற்றிலும் வெளிறிய பகுதியும் தெரியும். வெளிறு எந்த மரத்தினதாயினும் விரைவில் உளுத்துப்போகும். பாலையின் வெளிறும் மாவின் வெளிறும் மண்ணுக்குள் ஏறக்குறைய ஒன்றே. ஆதலால் நாலு அங்குலத் தடிப்புள்ள இளமரத்தின் உருட்டுக் கட்டையைவிட, முதிர்ந்த மரத்திற் பிளந்தெடுத்த மூன்று அங்குல வைரக்கட்டை நெடுங்காலம் நிற்கும். பார்வைக்குத் தடித்திருக்கின்றது என்று இளங்கட்டைக்குக் கூடிய விலை கொடுப்பது சந்தையில் நாளும் நடக்கும் தவறு.

உலர்வலயத்திற் பாலை, முதிரை, வீரை ஆகியவை பெயர்பெற்றவை. முதிர்ந்த பனையின் புறவைரமும் சிறந்தது; ஆனால் நடுச்சோற்றியைச் செதுக்கி நீக்கிவிடுதல் வேண்டும், இல்லையேற் கறையான் அதன் வழியே ஏறும். தென்னங்கட்டை நிலத்துக்கு மேலே நன்கு உழைக்கும். மண்ணுக்குள் விரைவிற் கெடும். சவுக்கும் அவ்வாறே. ஒன்றை மறத்தலாகாது: மரம் சொந்தக் காணியில் நின்றாலும் அதனை நினைத்தவுடன் தறிக்க முடியாது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரந்தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ்ப் பலா, பெண்பனை முதலியவற்றைத் தறிக்க அனுமதி வேண்டும். காட்டுமரங்களை வெட்டவும் ஏற்றிச் செல்லவும் தனியான அனுமதிகள் உள. அனுமதியில்லாப் பாலைக்கட்டை மலிவாகக் கிடைத்தாலும் முடிவில் அது மலிவாக இராது.

தறித்த கட்டையின் பட்டையை அன்றே உரித்துவிடுதல் வேண்டும். பட்டைக்கும் மரத்துக்கும் இடையே ஈரம் தங்கும். துளைக்கும் வண்டு முட்டையிடுவதும் அங்கேதான். உரித்த கட்டைகளை நிலத்திற் படாதபடி கல்லின்மேல் வைத்து, இடையிடையே குறுக்குத் தடி வைத்து, காற்றோடும் நிழலில் மூன்று முதல் ஆறு மாதம் வரை காயவிடுதல் நன்று. வெயிலில் விரைந்து காய்ந்தால் வெடிக்கும். தேய்பிறையில் வெட்டிய மரம் உளுக்காது என்று கமக்காரர் பலர் நம்புவர். பிறையைப் பார்ப்பதாற் கேடில்லை. ஆயினும் அதைவிட, மழையற்ற மாதத்தில் வெட்டி உடனே பட்டையுரித்துக் காயவைப்பதே கூடிய பயன் தரும்.

உளுப்பது எங்கே, ஏன்

மரத்தை உளுக்கச் செய்வது பூஞ்சணம். அதற்கு ஈரமும் காற்றும் சேர்ந்து வேண்டும். ஈரம் நூற்றுக்கு இருபது வீதத்துக்குக் குறைந்திருக்கும் மரத்தில் அது வளராது. ஆகவே கட்டையின் மேற்பாகம் தப்புகின்றது. ஆழத்தில் ஈரமிருந்தாலும் காற்று அரிது. நிலமட்டத்துக்கு அண்மையில், மேலே சில அங்குலமும் கீழே ஓரடிவரையும், இரண்டும் தாராளமாக உள்ளன. கட்டை முறிவது அங்கேதான். நீர் எப்போதும் தேங்கிநிற்கும் சேற்றினுள் அமிழ்ந்துள்ள பாகம் பல ஆண்டுகள் கெடாதிருப்பதும், நீர்மட்டத்தில் அதே கட்டை அரிக்கப்படுவதும் இதனாலேயே. ஆண்டுக்கு ஏறக்குறைய 95 அங்குல மழை பெறும் கொழும்பிற் பூஞ்சணமே முதற்பகை. சுமார் 50 அங்குலம் பெறும் யாழ்ப்பாணத்திலும் அதுபோன்ற உலர்வலயப் பகுதிகளிலும் கறையான் அதனோடு சேர்ந்துகொள்கின்றது.

கட்டையின் அடியை நெருப்பில் வாட்டிக் கருக்கி நாட்டும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. கரியைப் பூஞ்சணம் உண்ணாது என்பது உண்மையே. ஆனால் அக்கரிப்படை மெல்லியது. வாட்டும்போது மரம் வெடித்து, அவ்வெடிப்பு வழியே ஈரம் உள்ளே செல்லும். இம்முறையால் ஆயுள் குறிப்பிடத்தக்க அளவு கூடுவதில்லை என்பது வெளிநாட்டு மர ஆராய்ச்சிகளிற் கண்ட முடிபு. தார் பூசுவதும் நன்கு காய்ந்த கட்டைக்கே உதவும். பச்சைக் கட்டைக்குத் தார் பூசினால் உள்ளீரம் வெளியேற வழியின்றி அகப்பட்டுக்கொள்ளும். உளுப்பு உள்ளிருந்து தொடங்கும். பூசுவதாயின் அடிமுதல் நிலமட்டத்துக்கு ஓரடி மேல்வரை பூசுதல் வேண்டும். அடியில் மட்டும் பூசி நிலமட்டத்தை வெறுமையாக விடுவது, குடையைப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டுவதற்கு ஒப்பாகும்.

அழுத்தத்தால் மருந்தேற்றிய கட்டைகளும் விற்பனைக்கு உண்டு. செம்பு, குரோமியம், ஆசனிக்கு ஆகிய மூன்றும் சேர்ந்த மருந்தை 1933இல் இந்தியாவின் தேராதூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் ஆக்கியவர் சொந்தி காமேசன் என்னும் விஞ்ஞானி. உலகெங்கும் தந்திக் கம்பங்களும் வேலிக் கட்டைகளும் அம்மருந்தால் நீடித்தன. ஆயினும் ஆசனிக்கு நஞ்சாதலின், பிற்காலத்திற் பல நாடுகள் அதன் பயனைக் கட்டுப்படுத்தியுள்ளன. பச்சை நிறம் ஏறிய இத்தகைய கட்டைகளை வயற்புறவேலிக்குப் பயன்படுத்தலாமேயன்றி, கீரைப்பாத்தியின் கரைக்கோ கிணற்றடிக்கோ வைத்தலாகாது. அவற்றின் துண்டுகளை அடுப்பில் எரித்தல் கூடவே கூடாது. புகையிலும் சாம்பரிலும் நஞ்சு நிற்கும். அச்சாம்பரைத் தோட்டத்துக்கு இடுதல் மேலும் கெடுதி. கழிவு எண்ணெயும் மரக்கறித் தோட்டத்துக்கு ஏற்றதன்று.

குழியும் நாட்டும் முறையும்

முதலில் மூலைக்கட்டைகளை நாட்டி, அவற்றிடையே கயிறு இழுத்துக் கட்டுதல் வேண்டும். மற்றைக் கட்டைகளைக் கயிற்றில் முட்டாமல் ஒரு விரல் இடைவிட்டு நிறுத்துவது நன்று. வளைந்த கட்டை ஒன்று கயிற்றைத் தள்ளினால் அதற்குப் பின் வரும் வரிசை முழுவதும் வளைந்துவிடும்.

நடுக்கட்டைக்கு ஆறரை அடி நீளமும் மூன்று அல்லது நாலு அங்குலத் தடிப்பும் போதும். இரண்டு அடி மண்ணுக்குள்ளும் நாலரை அடி மேலேயும் நிற்றல் வேண்டும். பொதுவிதி யாதெனில், மொத்த நீளத்தில் மூன்றிலொரு பங்கு நிலத்துள் இருத்தல். குழியின் அகலம் கட்டையின் தடிப்பைப்போல் இருமடங்குக்கு மேற்படலாகாது. அகன்ற குழி தோண்டுவது எளிது. ஆனால் அகலத்தின் அளவுக்கு இளகிய மண் கட்டையைச் சூழ்ந்து நிற்கும். ஆகவே மண்வெட்டியாற் கிண்டாமல், அலவாங்கால் இடித்துச் சிரட்டையாலோ கையாலோ மண்ணை அள்ளி ஒடுங்கிய குழி எடுப்பதே முறை. கல்லில்லாத இளகிய நிலத்திற் கட்டையின் அடியைக் கூராக்கி மரச்சுத்தியலால் அடித்து இறக்கினால், சுற்றுமண் கலையாததால் பிடிப்பு மேலும் உறுதியாகும்.

கட்டையை நிறுத்தியபின் மண்ணை ஒரேயடியாகக் கொட்டி மிதித்துவிடுவதே நாட்டில் எங்கும் காணப்படும் குறை. மண்ணை நாலு முதல் ஆறு அங்குலப் படையாக இட்டு, ஒவ்வொரு படையையும் அலவாங்கின் மொட்டைப்பக்கத்தால் சுற்றிவர இடித்து இறுக்கிய பின்னரே அடுத்த படையை இடுதல் வேண்டும். அடிப்படையையும் மேற்படையையும் கூடுதலாக இடித்தல் நன்று. கட்டை அசையும்போது முதலில் விட்டுக்கொடுப்பவை அவ்விரண்டுமே. செம்மையாக இடித்த குழிக்கு, தோண்டிய மண் முழுவதும் போதாமற் போவதும் உண்டு. மண் மீந்து கிடந்தால் இடித்தது காணாது என்று அறியலாம். முடிவிற் கட்டையைச் சுற்றி மண்ணைச் சிறு மேடாக அணைத்துவிட்டால் மழைநீர் விலகி ஓடும். கட்டையின் தலையையும் சரிவாக வெட்டிவிடுதல் வேண்டும். தட்டையான தலையில் நின்ற நீர் நடுவழியே இறங்கும்.

சீமெந்துக் கலவை இட்டாற் கட்டை சாகாது என்று எண்ணுவோர் உளர். கலவை கட்டையை அசையாது பிடிக்கும், உளுப்பைத் தடுக்காது. அடியையும் மூடிக் கிண்ணம்போல வார்த்தால், கட்டை சுருங்கிய இடைவெளியில் நீர் தேங்கிக் கேடு விரைவாகும். வார்ப்பதாயின் குழியின் அடியில் மூன்று அங்குலம் உடைகல் இட்டு, கட்டை அதன்மேல் நிற்க, சுற்றிலும் மட்டும் கலவையிட்டு, மேற்பரப்பை வெளிப்புறம் சரியவிடுதல் வேண்டும்.

மூலைக்கட்டை தனிக்கவனம் பெறுதற்குரியது. இறுக்கிய கம்பி ஒவ்வொன்றும் அதனை இரவுபகலாக இழுத்துக்கொண்டிருக்கும். அதற்கு எட்டு அடி நீளமும் ஆறு அங்குலத்துக்குக் குறையாத தடிப்பும் வேண்டும். மூன்று அல்லது மூன்றரை அடி ஆழத்தில் நாட்டுதல் வேண்டும். கம்பி எத்திசைக்கு இழுக்கின்றதோ அத்திசையில் ஓர் உதைகால் கொடுப்பது அவசியம். உதைகாலின் மேல்முனை கட்டையின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேலே வெட்டிய பள்ளத்திற் பொருந்த, கீழ்முனை வேலிவரிசையிலே நிலத்திற் புதைத்த தட்டைக்கல் ஒன்றில் ஊன்றி நிற்கட்டும். கல்லில்லாவிடின் மழையில் உதைகால் மண்ணுள் இறங்கிவிடும். இதனினும் உறுதியான முறை ஒன்றுண்டு. மூலைக்கட்டையிலிருந்து எட்டு அடியில் இன்னொரு தடித்த கட்டை நாட்டி, இரண்டின் தலைப்பாகத்தையும் ஒரு குறுக்குமரத்தால் இணைத்து, மூலைக்கட்டையின் அடியிலிருந்து இரண்டாம் கட்டையின் தலைக்கு இரட்டைக் கம்பியை மூலைவிட்டமாகச் சுற்றி, நடுவில் ஒரு தடியைச் செருகி முறுக்கிவிடுதல். கம்பி எதிர்மாறாக, மூலைக்கட்டையின் தலையிலிருந்து கட்டப்பட்டால் பயன் சிறிதும் இல்லை. படலைக்கால் இரண்டுக்கும் இவ்விதியே.

கம்பியைக் கட்டையின் எப்பக்கத்தில் அடிப்பது என்பதும் கேட்கப்படும் கேள்வி. மாடு வந்து முட்டும் பக்கத்தில் அடித்தல் வேண்டும். மறுபக்கத்தில் அடித்தால் மாட்டின் பாரம் முழுவதும் ஆணியிலே விழும். வளைந்த ஆணியின் இரு கால்களும் மரத்தின் ஒரே நாரில் இறங்காதபடி சற்றுச் சரித்து அடித்தால் கட்டை பிளவாது. நடுக்கட்டைகளில் ஆணியை முற்றாக இறுக்காமல், கம்பி வழுகக்கூடிய இடம் விடுதல் நன்று. பின்னர் தளர்ந்தால் மூலையிலிருந்தே இழுத்து இறுக்கலாம்.

மணலிலும் கபுக்கிலும் சேற்றிலும்

வெள்ளவத்தை போன்ற கரையோர மணலிற் குழி தோண்டுவது குழந்தையும் செய்யும் வேலை. கட்டை நிலைப்பதே அரிது. உலர்ந்த மணல் இறுகாது. அங்கே ஆழத்தை அரைப்பங்கு கூட்டுவதோடு, கட்டையின் அடியில் ஓரடி நீளமான குறுக்குக் கட்டை ஒன்றை ஆணியால் அறைந்து புதைத்தல் வேண்டும். மணலை நனைத்து இடித்தல் நன்று. கடற்காற்றின் உப்பு முட்கம்பியை வெகுவிரைவில் தின்றுவிடுமாதலால், நாகமுலாமிட்ட கம்பியும் ஆணியும் அல்லாதவற்றை வாங்குவது பணத்தைக் கடலில் எறிவதாகும். வீட்டுத்தோட்டத்துக்குக் கம்பியே வேண்டாமென விட்டு, வரிச்சுத் தடி கட்டிக் கிடுகு வேய்வதும் தகும்.

உட்புற மேடுகளில், மேல்மண்ணின் கீழே கபுக் எனப்படும் செம்பாறைமண் தட்டுப்படும். அது வெட்டும்போது இளகியும் வெயிலில் இறுகியும் போகும் இயல்பினது. மழைக்குப் பின்னர் வெட்டினால் உழைப்புப் பாதியாகும். ஆயின் அக்குழி நீரைக் கிண்ணம்போற் பிடித்து வைத்திருக்கும். அடியில் உடைகல் இடாமல் நாட்டிய கட்டை ஈரத்திலேயே நிற்கும்.

கால்வாயோரத்துக் கீரைத்தோட்டங்களின் கரிய சேற்றுநிலத்தில் இரண்டு அடி, மூன்று அடி என்ற கணக்குச் செல்லாது. கூராக்கிய நீண்ட கட்டையை உறுதியான மண் தட்டும்வரை இறக்குதல் வேண்டும். அங்கே கட்டை கெடுவது நீர்மட்டத்திலாதலால், அவ்விடத்துக்கு வைரம் அமையுமாறு தெரிவு செய்வது நன்று.

கதியால்

இறந்த கட்டைக்கு இத்தனை பாதுகாப்பு வேண்டியிருக்க, உளுக்காத கட்டை ஒன்றை யாழ்ப்பாணத்துக் கமக்காரர் நெடுங்காலமாக அறிவர். அதுவே உயிர்க்கட்டையாகிய கதியால். கிளுவை, பூவரசு, முள்முருக்கு, வாதநாராயணி, சீமைக்கிளுவை ஆகியவற்றின் முதிர்ந்த தடிகள் நட்ட இடத்தில் வேரூன்றித் தழைக்கும். வேலியாக நிற்பதோடு குழையும் தரும். பூவரசங்குழையை வெட்டித் தோட்டத்திற் தாழ்ப்பது புகையிலைச் செய்கையில் வழிவழி வந்த பசளைமுறை. பனையோலை வேலியும் வீணாவதில்லை. ஓலை மாற்றும்போது கழித்த பழைய ஓலை தோட்டத்து மண்ணுக்கே உணவாகும். ஓராண்டு காவல், மறு ஆண்டு பசளை என்னும் இச்சிக்கனத்துக்கு ஈடாக முட்கம்பி எதையும் தருவதில்லை.

இவற்றுட் சீமைக்கிளுவை அண்மைக்காலத்திற் பெருமதிப்புப் பெற்றுள்ளது. மத்திய அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மரம் நிழலுக்காக இலங்கைக்குக் கொணரப்பட்டது. அதன் விஞ்ஞானப் பெயரான கிளிசரிடியா என்பதற்கு எலியைக் கொல்வது என்று பொருள். 2005ஆம் ஆண்டில், தேயிலை, இறப்பர், தெங்கு ஆகியவற்றுக்கு அடுத்த நாலாவது பெருந்தோட்டப் பயிராக அரசாங்கம் அதனை ஏற்றது. விறகு மின்னுற்பத்திக்கும் குழை பசளைக்கும் உதவுவதே காரணம். உலர்ந்த இலையில் நூற்றுக்கு மூன்று முதல் நாலு பங்கு நைதரசன் உண்டு. நெல்வயலின் வரம்போரத்தில் அதனை வேலியாக நட்டு, உழவின்போது குழையைச் சேற்றில் மிதித்துவிடலாம்.

கதியால் நாட்டுதலில் நான்கு காரியங்களைக் கவனித்தாற் போதும். அவற்றை விட்டதாலேயே பெரும்பாலான கதியால்கள் பட்டுப்போகின்றன. தடி முதிர்ந்ததாக, பட்டை பழுப்பேறியதாக, இரண்டு முதல் மூன்று அங்குலத் தடிப்பும் ஐந்து அல்லது ஆறு அடி நீளமும் உடையதாக இருத்தல் வேண்டும், பச்சைக்கொப்பு அழுகிவிடும். அடியைச் சரிவாக, பட்டை கிழியாமற் கூரிய கத்தியால் ஒரே வெட்டில் வெட்டுதல் வேண்டும். குழியை முன்னரே அலவாங்கால் ஒன்றேகால் அடி ஆழத்துக்கு எடுத்து, அதனுள் தடியை வைத்து மண்ணை இறுக்குதல் வேண்டும். தடியையே சுத்தியலால் அடித்து இறக்கினால், வேர்விடவேண்டிய பட்டை உரிந்துபோம். மழைக்கு முன்னரே நாட்டுதல் வேண்டும்: வடக்கிலும் கிழக்கிலும் புரட்டாசி, ஐப்பசியில், கொழும்பில் சித்திரைக் கடைசியில்.

சில கிழமைகளில் இலை துளிர்க்கும். அதுகண்டு வேர்விட்டது என மயங்கலாகாது. தடியிற் சேமித்திருந்த உணவாலேயே முதற்றளிர் வருகின்றது. வேர் பிந்தியே வரும். அக்காலத்தில் அசைத்துப் பார்ப்பதும், கம்பி கட்டி இழுப்பதும், ஆடு கட்டுவதும் கதியாலைக் கொல்லும். முதலாண்டில் இடையிடையே இறந்த கட்டை நாட்டி அவற்றிலேயே கம்பியைத் தாங்கவைத்து, கதியாலைத் தும்புக்கயிற்றால் மெல்ல அணைத்துவிடுதல் போதும். பின்னர் ஆணியறையும்போது, கம்பிக்கும் மரத்துக்கும் இடையே ஒரு சிறு சட்டத்தை வைத்து அறைந்தால், மரம் தடிக்கும்போது கம்பியை விழுங்காது.

வேலி முழுவதும் ஒரே மரமாக வைப்பது நன்றன்று. முள்முருக்கின் இலைக்காம்பைப் புடைக்கச் செய்யும் நுண்குளவி ஒன்று 2004ஆம் ஆண்டில் விஞ்ஞானிகளால் முதன்முறையாக விவரிக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் அது ஆசிய நாடுகள் பலவற்றில் முருக்கை வாட்டியது. முருக்கை மட்டுமே நம்பிய வேலிகள் இத்தகைய பூச்சியின் முன் வெறுமையாகிவிடும். மரக்கறி செய்வோர் மற்றொன்றையும் கருதுதல் வேண்டும். பூவரசும் வெண்டியும் ஒரே குடும்பத்தவை. பருத்தியையும் வெண்டியையும் தாக்கும் செந்நாவாய்ப் பூச்சி பூவரசிலும் வாழும். வெண்டிப் பாத்தியின் அருகே கிளுவையே மேல். நிழல் விழாதபடி ஆண்டுக்கு மூன்று நாலு முறை குழை வெட்டுவதும், பாத்திக்கும் வேலிக்கும் இடையே ஓரடி ஆழமான கான் வெட்டி வேரை மறிப்பதும் வழக்கமாதல் வேண்டும்.

யானை வரும் ஊர்களுக்கு இவற்றுள் எதுவும் மருந்தன்று. அங்கே மின்வேலியே பேசத்தக்கது. அது தனிமனிதர் செய்யும் காரியமும் அன்று.

எல்லை

கதியால் வளரும், பருக்கும், பட்டால் மாற்றி நடப்படும். ஒவ்வொரு மாற்றத்திலும் அது நாலு அங்குலம் நகர்ந்தாற் பத்தாண்டில் ஒரு பாத்தியின் அகலம் போய்விடும். வேலிச் சண்டைகளிற் பல இவ்வாறு தொடங்கியவையே. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒருவர் பத்தாண்டு தடையின்றிப் பிறர் உரிமைக்கு எதிராக ஆண்ட நிலத்துக்கு உரிமை கோரலாம். ஆதலால் நகர்ந்த வேலியைப் பார்த்தும் பேசாதிருப்பது, ஊரிலில்லாத சொந்தக்காரருக்குப் பெரும் இடராகும். போரினாற் காணிக்குத் திரும்ப இயலாதிருந்தோருக்கு நிவாரணமாக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் தனியேற்பாடு செய்தது. 2009இற்குப் பின்னர் கொழும்பிலிருந்து வன்னிக்குச் சென்ற பலர், வேலியோடு எல்லைக்கல்லையும் காணாது நின்றனர்.

இத்தகைய காணியில் முதற்கட்டை நாட்டுமுன் உறுதியும் நில அளவைப் படமும் கொண்டு, அளவையாளர் எல்லைக்கல்லை நிறுத்துதல் வேண்டும். அயற்காணிக்காரரும் அந்நாளில் உடனிருத்தல் நன்று. வேலி எல்லையின் நடுவில் வருமாயின் செலவையும் குழையையும் எவ்வாறு பங்கிடுவது என்பதை அன்றே பேசி எழுதிக்கொள்ளலாம். வடக்கிலும் கிழக்கிலும் போர் நடந்த இடங்களில், கண்ணிவெடி அகற்றப்பட்டதாகச் சான்று பெறாத நிலத்தில் அலவாங்கு இறக்கவே கூடாது.

நாட்டிய வேலியை ஒவ்வொரு பெரும்போகத்துக்கும் ஒரு மாதம் முன்னரே சுற்றிப் பார்த்தல் வேண்டும். ஒவ்வொரு கட்டையையும் நெஞ்சுயரத்திற் பிடித்துத் தள்ளினால், உளுத்தது அசைந்து காட்டிக்கொடுக்கும். ஐயமானவிடத்து நிலமட்டத்து மண்ணை ஒரு சாண் விலக்கிக் கத்தி முனையாற் குத்திப் பார்க்கலாம். அரை அங்குலத்துக்கு மேல் எளிதில் இறங்கினால் அக்கட்டை அடுத்த மாரியைத் தாங்காது. வைரக்கட்டையாயின் அடியை அறுத்து நீக்கி, மீந்ததைப் பாத்திவேலிக்குக் குறுங்கட்டையாக நாட்டலாம். மாற்றும் கட்டையைப் பழைய குழியில் இடாமல் ஓரடி தள்ளி, எல்லைக்கயிற்றைவிட்டு விலகாமல், புதுமண்ணில் நாட்டுதல் வேண்டும். பழைய குழியில் உளுத்த மரத்தூளும் பூஞ்சணமும் மிகுந்திருக்கும்.